எடைக்கு வாங்கி, வயசுக்கு விற்கிறவர்!

படப்பையில் ஓட்டு வீட்டை இடித்தால், பரணிலிருக்கும் கூஜா, அடுக்கெல்லாம் எங்கே போகும்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு! ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை சார் அது.

எங்க ஊர்க்காரர் ஒருவர் அங்கே கடை விரிக்கிறார். எடைக்கு வாங்கி, வயசுக்கு விற்பது... அவ்வளவுதான் தொழில். "புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க தம்பி, கறுப்புக்குத்தான் காசு!" என்றார். (வியாழன் தவறாமல் விளக்குத் தேய்க்கும் என் அம்மா கேட்டால் மயக்கம் போட்டுவிடுவாள்!)

பி.காம். மூளை சும்மா இருக்குமா? வாரத்தில் ஒரே நாள் கல்லா. மழை வந்தால் அதுவும் அவுட். விற்காத சரக்கு மறுபடி எடைக்கே போகும், நஷ்டத்தோடு.

"மொத்தமா வாங்கிப் போடலாமே?" என்றேன்.

அவர் அப்பாவுக்கு மூர் மார்க்கெட்டில் கடையாம். 1985 மே மாதத் தீயில் மொத்தச் சரக்கும் சாம்பல். அதிலிருந்து ஒரு மினி வேனில் அடங்குவதற்கு மேல் அவர் வாங்குவதே இல்லை.