எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள்?

1982-ல் கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் பிரிவுக்கு, 24 பர்கானா மாவட்டத்துக் கிராமத்தார் வரத் தொடங்கினார்கள். மார்பிலும் முதுகிலும், புழுதியில் மழைத்துளி விழுந்ததுபோல, கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கை, உள்ளங்கால்களில் கெட்டியான முடிச்சுகள். மண்வெட்டி பிடிப்பவர் கையில் காய்ப்பு இருப்பது புதிதல்ல. ஆனால் இங்கே ஒரே வீட்டில் பலருக்கு, இரண்டு கைகளிலும் இருந்தது. ஊரில் இதைத் தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கினார்கள். பெண்களுக்கு வரன் தட்டிப்போனது. இது ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தவர் தோல் மருத்துவர் கே.சி. சாஹா. நஞ்சு வந்த வழி, வீட்டு வாசலில் இருந்த அடிபம்பு.

அந்தப் பம்புகள் நல்லெண்ணத்தில் போடப்பட்டவை. குளத்து நீர் காலராவையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்ததால், நிலத்தடி நீரே பாதுகாப்பானது என்று நம்பினார்கள். இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கிடந்தது ஆர்சனிக். பிராணவாயு இல்லாத ஆழத்தில் அந்த இரும்பு கரையும்போது ஆர்சனிக்கும் நீரில் கலந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இந்த நஞ்சு நாளடைவில் தோல் புற்றுநோயையும் தரலாம். பொதுவாக இந்தியாவில் தோல் புற்றுநோய் அரிது. எல்லாப் புற்றுநோய்களிலும் நூற்றுக்கு ஒன்றுகூட வராது என்பார்கள். நம் தோலின் கருமை வெயிலைத் தடுக்கிறது. வயிற்றுக்குள் போகும் ஆர்சனிக்கை அது எப்படித் தடுக்கும்? அதனால்தான் ஆர்சனிக் தரும் புற்று, துணி மூடிய இடுப்பு, முதுகு, தொடை போன்ற இடங்களிலும் முளைக்கிறது. போவன் நோய் என்ற அதன் தொடக்கநிலை, செதில் உதிரும் சிவந்த அல்லது பழுப்புத் திட்டாகத் தெரியும். விளிம்பு தெளிவாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது. படர்தாமரை என்று களிம்பு தடவிக்கொண்டே ஆண்டுகள் போகும். ஒருவர் உடம்பிலேயே இப்படிப் பல திட்டுகள் இருக்கலாம். சிலருக்கு உள்ளங்கைக் காய்ப்பே வெடித்து, ஆறாத புண்ணாகும்.

அன்றைய நிலைமை இன்று இல்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988-ல் தொடங்கி, 2018-ல் இறக்கும்வரை ஊர் ஊராகக் கிணற்று நீரைச் சோதித்தார். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை உலக சுகாதார நிறுவனம் 1993-ல் 10 ஆக்கியது. இந்தியத் தர நிர்ணயமும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பல ஊர்களுக்குச் சுத்திகரித்த ஆற்று நீர் குழாயில் வருகிறது. வயலுக்கு இறைக்கும் நீரோ பல இடங்களில் பழைய நிலத்தடி நீர்தான்; நஞ்சு நெல்லுக்குள்ளும் ஏறுகிறது.

தண்ணீரை மாற்றினாலும் உடம்பு கணக்கை உடனே முடித்துவிடுவதில்லை. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த நீர் ஓடியது. பிறகு சுத்திகரிப்பு வந்தது. நாற்பது ஆண்டு கழித்தும் அங்கே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் கூடுதலாகவே இருந்தன. தோல் புற்றுக்கும் இப்படி நீண்ட இடைவெளி உண்டு.

நோயாளி வரும் விதமும் மாறிவிட்டது. அன்று குடும்பமாக வந்தார்கள். ஒருவர் கையைப் பார்த்தால் அடுத்தவர் கையே சாட்சி சொன்னது. இன்று, ஆர்சனிக் பாதித்த மேற்கு வங்க மாவட்டங்களான முர்ஷிதாபாத்திலோ மால்டாவிலோ வளர்ந்தவர் சென்னையிலோ திருப்பூரிலோ வேலை செய்கிறார். பம்பை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மருத்துவர் முன்னே இருப்பது ஒற்றை ஆள், ஒற்றைத் திட்டு.

ஆகவே களிம்புக்கு அடங்காத திட்டோடு வருபவரிடம், சிறுவயதில் எந்த ஊரில் என்ன தண்ணீர் குடித்தார் என்று கேட்க வேண்டும். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தால் விடை தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே பிடித்தால் உறையவைத்தோ வெட்டியோ அகற்றலாம். அதே தண்ணீரின் நஞ்சு நுரையீரலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போயிருப்பதால், திட்டை அகற்றியதோடு அவரை அனுப்பிவிடக் கூடாது.