பட்டம் விட்டு மீன் பிடிக்கிறாங்களாமே!



போன மாதம் கடற்கரைப் பஞ்சாயத்து ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வசூல், உள்கடன் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். கூடையில் மீன் விற்கிற அக்கா ஒருத்தர் எழுந்து, "மேடம், எனக்கு 15 ஆயிரம் கடன் வேணும்" என்றார். எதுக்கு என்று ஊக்குநர் கேட்டார். "பட்டம் வாங்க" என்றார். கூட்டமே சிரித்து விட்டது.

அந்த அக்கா சிரிக்கவில்லை. அவர் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கடற்கரையில் நின்று பட்டம் விடுகிறார். பட்டம் கடலுக்குள் போகிறது, கூடவே தூண்டிலும் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் வரிசையாக மீன். "படகு இல்ல, டீசல் இல்ல, வலை இல்ல. இதை ஏன் நாம செய்யக் கூடாது?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இவர் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு போகாது. கரைக்கு வருகிற கொஞ்ச மீனும் ஏலத்தில் விலை ஏறிவிடும். இவர் கடனுக்கு எடுத்து விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தில் அரிசி வாங்க வேண்டும். கரையில் நின்றே சொந்தமாய் நாலு மீன் பிடித்தால் அந்த இரண்டு மாதம் ஓடுமே என்பது அவர் கணக்கு. "விசாரிச்சு எழுதுறேன் அக்கா, அதுவரைக்கும் தீர்மானம் வேண்டாம்" என்று சொல்லி வந்தேன். விசாரித்ததை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பட்டம் செய்வது படகின் வேலை

அந்த வீடியோ நியூசிலாந்து நாட்டுடையது. ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப் பக்கம், பசிபிக் கடலில் இரண்டு பெரிய தீவுகள் கொண்ட நாடு. எங்கு பார்த்தாலும் கடற்கரை. வடகோடியில் 'தொண்ணூறு மைல் கடற்கரை' என்றே ஒரு கரை இருக்கிறது. அளந்தால் சுமார் 88 கிலோமீட்டர், அதாவது 55 மைல்தான் வரும். பெயர் வைத்தவர் தாராள மனசுக்காரர் போலிருக்கிறது!

அங்கே செய்வது நம்ம ஊர் ஆயிரங்கால் தூண்டிலின் சின்னத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நீளமான முக்கியக் கயிறு, அதில் இடைவெளி விட்டுக் கிளைக் கயிறுகள், ஒவ்வொரு கிளையிலும் ஒரு முள், முள்ளில் இரை. நம்ம ஆட்கள் இதைப் படகில் கொண்டு போய்க் கடலில் இறக்குவார்கள். அவர்கள் படகுக்குப் பதிலாகப் பட்டத்தை வைத்து இழுக்கிறார்கள். மீனைப் பிடிப்பது எப்போதும் போலத் தூண்டில்தான், பட்டம் கயிற்றை உள்ளே கொண்டு போகிற வண்டி மட்டும்.

முதலில் பட்டத்தைத் தனியாக ஏற்றுவார்கள். அது மேலே போய் நன்றாக இழுக்க ஆரம்பித்த பிறகு, பட்டத்தின் நூலை முக்கியக் கயிற்றின் நுனியோடு கட்டுவார்கள். நுனியில் கயிறு அடியில் தங்குவதற்கு ஈயக் குண்டு. காற்று விழுந்து பட்டம் கடலில் விழுந்தாலும் மூழ்கிப் போகாமல் இருக்க ஒரு மிதவையும் சேர்ப்பார்கள். பட்டம் இழுக்க இழுக்கக் கயிற்றை விடுவார்கள். கயிறு ஓடும்போதே கிளைத் தூண்டில்களை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு மாட்டுவார்கள். இரைக்குக் கணவாய், மடவை, மத்தி மாதிரியான மீன்களின் துண்டு. எல்லா முள்ளும் தண்ணீருக்குள் போன பிறகு மீதிக் கயிறு வெறுமனே ஓடும். ஒரு கிலோமீட்டர், சில சமயம் அதற்கும் மேலே.

அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆழத்தில் போட்டு, அரை மணியோ ஒரு மணியோ காத்திருப்பார்கள். பிறகு மணலில் ஊன்றி வைத்த ராட்டினத்தைச் சுற்றி இழுப்பார்கள். இழுக்கும்போதும் பட்டம் மேலேயேதான் பறந்து கொண்டிருக்கும். கயிறு சுருளச் சுருள அதுவும் கரைப் பக்கம் பின்னாலேயே வரும். காற்று மெதுவாக இருக்கிற நாளில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பட்டம் கட்டுவதும் உண்டு. கறுப்புக் குப்பைப் பையை வெட்டிப் பட்டம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அதிகம் மாட்டுவது ஸ்னாப்பர் என்கிற மீன். நம்ம சங்கரா போல இளஞ்சிவப்பாய் இருக்கும், ஆனால் அது வேறு குடும்பம். படகில் ஏற முடியாத வயதானவர்களும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடிக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு ஒரு ஞாபகம். சின்ன வயதில் என் தம்பி பட்டம் விடுவான், நான் நூல்கண்டைப் பிடித்துக் கொண்டு நிற்பேன். ஒரு தடவையாவது நூலை என் கையில் கொடுத்தானா? கடைசி வரைக்கும் இல்லை. பட்டம் என்றாலே ஆம்பளப் பசங்க சமாச்சாரம் என்று நாமும் விட்டு விட்டோம்.

சிலந்தி வலையில் சிக்கும் முரல்

பட்டத்தில் மீன் பிடிப்பது நியூசிலாந்துக்காரர்கள் புதிதாய்க் கண்டுபிடித்தது இல்லை. இந்தோனேசியத் தீவுகளிலும், இன்னும் கிழக்கே சாலமன் தீவுகளிலும் பழைய காலத்திலிருந்தே உள்ள தொழில். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகம் ஒன்றின் காப்பாளராக இருந்த ஹென்றி பால்ஃபர் என்பவர், எந்தெந்தத் தீவில் எப்படிச் செய்கிறார்கள் என்று தொகுத்து 1913-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

சாலமன் தீவுகளில் செய்கிற முறையைக் கேட்டால் அசந்து போவீர்கள். காகிதமும் துணியும் கிடையாது, பனை வகை மரத்தின் ஓலையிலேயே பட்டம். சின்ன ஓடத்தில் துடுப்புப் போட்டுக் கொண்டே பட்டத்தை ஏற்றுவார்கள். பட்டத்திலிருந்து ஒரு நூல் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தொங்கும். அதன் நுனியில் முள் இருக்காது, சிலந்தி வலையை உருட்டித் திரித்த ஒரு கொத்து இருக்கும். பட்டம் ஆடும்போது அந்தக் கொத்து சின்ன மீன் துள்ளுவது போலத் தண்ணீர் மேலே குதித்துக் குதித்துப் போகும். முரல் மீன் நம் எல்லோருக்கும் தெரியும். ஊசி மாதிரி நீண்ட வாய், வாய் நிறையப் பொடிப் பொடிப் பல். அது வந்து கவ்வியதும் பல்லெல்லாம் சிலந்தி வலையில் சிக்கிக் கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது!

ஓடத்திலேயே நேராகப் போய்ப் போட்டால் என்ன என்று தோன்றும். முரல் மேல் தண்ணீரில் திரிகிற மீன், நிழல் தட்டினாலே ஓடிவிடும். பட்டம் இரையை ஓடத்திலிருந்து தூரத்தில் வைக்கிறது. அங்கே பட்டத்தின் வேலை மீனை மிரட்டாமல் இருப்பது. நியூசிலாந்தில் அதன் வேலை பாரம் இழுப்பது. ஒரே பட்டம்தான், ஆனால் அந்தந்த ஊர் மீனுக்கும் கரைக்கும் தகுந்த மாதிரி வேலை மாறியிருக்கிறது. நம்ம அக்காவின் கடன் கேள்விக்கும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

சரி, கடன் கொடுக்கலாமா?

வீடியோவில் வராத விஷயம் ஒன்று. நியூசிலாந்தில் இப்படிப் பிடிப்பது பொழுதுபோக்கு. ஒரு கயிற்றில் 25 முள்ளுக்கு மேல் மாட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வீட்டுக்குத் தின்னக் கொண்டு போகலாம், விற்றால் குற்றம். ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. வடகிழக்குக் கரையில் ஸ்னாப்பர் என்றால் 2014 முதல் 7 மீன்தான், அதுவும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆக, அந்த வீடியோவில் சிரித்துக் கொண்டு நிற்கிறவர் அந்த மீனை விற்றுச் சோறு சாப்பிடுகிறவர் இல்லை. ஒரு நாள் வெறுங்கயிறு வந்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். நாம் இதில் மாதத் தவணை கட்டியாக வேண்டும்.

25 முள்ளில் எத்தனையில் மீன் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரைக்குக் கணவாய் வாங்கவே காசு வேண்டும். இரை விலையைக் கழிக்காமல் யாராவது லாபம் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது காற்று. இதுதான் முக்கியம். பட்டம் காற்று போகிற பக்கம்தான் போகும். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசினால்தான் தூண்டில் உள்ளே போகும். தொண்ணூறு மைல் கடற்கரை நியூசிலாந்தின் மேற்குக் கரை. அந்த நாட்டில் அதிகமாக வீசுவதும் மேலக்காற்று. அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், பட்டம் நம் தலைக்குப் பின்னால் ஊருக்குள் போய்விடும்! அதனால் கீழக்காற்று வருகிற நாளுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். கரைக்காற்று வந்தால் அலையும் அடங்கும், அன்றைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

நம் கிழக்குக் கரையில் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது மேலக்காற்று. ஆனி, ஆடியில் காலையில் மேலக்காற்று நன்றாக வீசும், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும். அதற்குள் போட்டு எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலிலிருந்து வரும், அப்போது ஆகாது. சித்திரை, வைகாசியில் அதிகம் தெற்கத்திக் காற்று. அது கரையை ஒட்டியே வீசுவதால் பட்டம் கடலுக்குள் போகாமல் கரையோரமாய் வடக்கே ஓடும். அக்கா கணக்குப் போட்ட தடைக்காலத்தில் பெரும்பகுதி இந்தச் சித்திரை, வைகாசியில்தான் வருகிறது. இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

கரையிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. தடைக்காலத்திலும் ஃபைபர் போட்டுகள் கரைக்குப் பக்கத்தில் வலை போட்டிருக்கும். ஒரு கிலோமீட்டர் கயிறு அவர்கள் வலையிலோ இன்ஜின் விசிறியிலோ சுற்றினால் ஊரில் சண்டைதான் வரும். ஊர்க் கூட்டத்தில் பேசாமல் ஆரம்பிக்கக் கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும், அறுந்து கிடக்கிற தங்கூசி அவற்றுக்கு எமன்.

நூல் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துக் குழந்தைகள் இறந்த செய்தி நம் மாநிலத்திலேயே வந்திருக்கிறது. நைலான் மாஞ்சாவை 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. மீன் பிடிக்கிற பட்டத்துக்கு மாஞ்சா தேவையே இல்லை. சாதாரணத் தங்கூசியே பட்டம் இழுக்கிற வேகத்தில் விரலை அறுத்துவிடும். கையில் கயிற்றைச் சுற்றிக் கொள்ளவே கூடாது, கையுறை வேண்டும். மின் கம்பி போகிற இடத்தில் பட்டத்தை எடுக்கவே கூடாது.

இவ்வளவையும் போன வாரம் அந்தக் குழுவில் நேரிலேயே சொன்னேன். முன்னே சிரித்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை, ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். "நம்ம பொண்ணுங்க தூண்டில் போட்டா ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று ஒரு பாட்டி கேட்டதுக்கு, "சோறு போடுறவங்க மட்டும் சொல்லட்டும்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. யார் சொன்னது என்று நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் எழுத மாட்டேன்.

15 ஆயிரம் கடனைக் குழு இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறது. அந்த அக்கா கோபப்படவில்லை. "காத்துதான் பிரச்சனைன்னா முதல்ல காத்தைப் பாத்துடலாம் மேடம்" என்றார். ஒரு மூங்கில் குச்சியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிக் கரையில் ஊன்றியிருக்கிறார். தினமும் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று மகன் பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறான். நேற்று போனில் கேட்டேன். 11 நாள் எழுதியாச்சாம். அதில் 4 நாள் துணி கடல் பக்கம் பறந்திருக்கிறது. தடைக்காலம் முடிகிற வரைக்கும் எழுதிவிட்டு நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.