கூலி கேட்காத வேலையாட்கள்

எங்கள் கந்தப்பளையில் குளவி என்றாலே எல்லோருக்கும் பயம். கொழுந்து பறிக்கப் போன பெண்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்ற செய்தி அடிக்கடி காதில் விழும். ஆனால் இதே மலையகத்தின் தேயிலையை ஒரு காலத்தில் காப்பாற்றியதும் ஒரு குளவிதான் என்றால் நம்புவீர்களா? இது பூச்சிக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உண்மையில் இது ஒரு வரவு செலவுக் கதை.

தேயிலை இலைகளை நூலால் ஒட்டி, அதற்குள் இருந்துகொண்டு தின்னும் இலைசுருட்டிப் புழு அன்றைய தோட்டங்களுக்குப் பெரும் தலைவலி. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற மிகச் சிறிய குளவியினத்தைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அது மனிதரைத் தேடி வராது. புழுவைத் தேடிப் போய் அதன் உடம்பில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் புழுவையே தின்று வளரும். சில வருடங்களில் புழுவின் கொட்டம் அடங்கியது. சம்பளமில்லை, லீவு இல்லை, முற்பணமும் இல்லை. இப்படிப்பட்ட வேலையாட்கள் எந்த முதலாளிக்குக் கிடைப்பார்கள்?

பிறகு 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை அழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தைத் தெளித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்து அந்தக் குளவியையும் சேர்த்துக் கொன்றது. காவல் போனதும் அடங்கிக் கிடந்த புழு மீண்டும் கிளம்பியது. காசு கொடுத்து ஒரு நஷ்டத்தைத் தடுக்கப் போய், இன்னொரு நஷ்டத்தை விலைக்கு வாங்கியதுபோல் ஆயிற்று.

இந்தப் பழைய கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம், கடைக்கு வரும் கமக்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி. "முதலாளி, புழுவே பிடிக்காத விதை வந்திருக்காமே, எங்களுக்கு எப்ப கிடைக்கும்?" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது மரபணு மாற்றிய பி.டி. விதையை. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் மரபணுவைப் பயிரில் சேர்ப்பதால், பயிரைத் தின்னும் புழு செத்துவிடுகிறது. இலங்கையில் இத்தகைய பயிர் எதுவும் வர்த்தக ரீதியில் பயிரிடப்படுவதில்லை. இந்தியாவில் 2002 முதல் பி.டி. பருத்தியும், 2013இல் கிடைத்த அனுமதியோடு பங்களாதேஷில் பி.டி. கத்தரியும் வந்துவிட்டன. இந்தியாவிலோ பி.டி. கத்தரியை 2010இல் நிறுத்தி வைத்தார்கள்.

சரி, புழு சாகட்டும். புழுவைத் தின்று நமக்கு உதவும் பூச்சிகளின் கதி என்ன? 1998இல் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வுகூடச் சோதனையில், பி.டி. சோளம் தின்ற புழுக்களை உண்ட கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சுகள் வழமையைவிடக் கூடுதலாக இறந்தன. உலகமே பரபரத்தது. பின்னர் நடந்த சோதனைகள் வேறு காரணத்தைக் காட்டின. நஞ்சு அந்தக் குஞ்சுகளை நேரடியாகத் தாக்கவில்லை. நோயுற்று நலிந்த புழு அவற்றுக்குச் சத்தான இரையாக இருக்கவில்லை.

வயலில் என்ன நடந்தது என்பதை வட சீனாவில் 36 இடங்களில், 1990 முதல் 2010 வரையான காலத்துக்கு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பி.டி. பருத்தி பரவியபின் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி ஆகியவை பெருகியிருந்தன. அவை தின்னும் அழுக்கணவன் குறைந்திருந்தது. காரணம் விதையின் மகிமையல்ல. விவசாயிகள் மருந்தடிப்பதைக் குறைத்ததே காரணம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே சீனாவில் மருந்து குறைந்ததும், பி.டி. நஞ்சு தாக்காத சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகள் பெருகின. இந்தியாவில் குஜராத்தின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை பி.டி. பருத்திக்குப் பழகிவிட்டதை, விதை விற்ற நிறுவனமே 2010இல் ஒப்புக்கொண்டது. புழு பழகிவிட்டால் விவசாயி மறுபடியும் மருந்துப் போத்தலைத்தான் தேடுவான். விதைக்குக் கொடுத்த கூடுதல் விலையும் போயிற்று, நண்பர்களும் போயினர்.

இனி நம் கடைக்கு வருவோம். நானும் விதையும் மருந்தும் விற்பவன்தான். பல வருடங்களுக்கு முன் கோவா போட்ட ஒரு தம்பி, "இன்னும் கடுமையான மருந்து தாங்க" என்று கேட்டான். கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தான். அதைவிடக் கடுமையானதைக் கொடுத்தேன். கோவாப் புழு மருந்துகளுக்குப் பழகிவிடுவதில் பெயர் போனது. புழு நின்றது, அதைத் தின்னும் பூச்சிகள்தான் ஒழிந்தன. அந்தப் போகத்தில் என் விற்பனை கூடியது. ஆனால் கோவா கொழும்பு லொறியில் ஏறவில்லை. அவன் கணக்கு என் கடன் கொப்பியில் அப்படியே நின்றது. விற்றது லாபம் என்று எழுதினேன். வராத காசு லாபமாகுமா?

அன்றிலிருந்து கடையில் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். புழு எத்தனை இருக்கிறது, இலையைத் திருப்பிப் பார்த்தாயா என்று முதலில் கேட்பேன். பொறிவண்டு நிறைய இருந்தால் நாலு நாள் பொறுக்கச் சொல்வேன். சந்தேகமானால் விவசாயப் போதனாசிரியரிடம் அனுப்புவேன். இரண்டு மருந்தைக் கலந்து அடிக்க ஒருபோதும் சொல்வதில்லை. விற்பனை கொஞ்சம் குறைந்தது, வசூல் சீரானது.

உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதி, லேபல், விற்பனை ஆகியவற்றுக்கான ஒழுங்குவிதிகள் 2007 ஜனவரி முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு ஓடித் திரியாமல், ஓடர் கொடுக்குமுன் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள்.

நாளை புது விதையோ புது மருந்தோ எதுவானாலும், அதன் ஏஜன்ட் உங்கள் கடைப் படியேறினால் விலையையும் கமிஷனையும் மட்டும் கேட்காதீர்கள். "இது புழுவைக் கொல்லும், சரி. புழுவைத் தின்பதை என்ன செய்யும்? புழு பழகிவிட்டால் பிறகு என்ன வழி?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், சரக்கை எடுக்குமுன் உங்கள் கடன் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.