அம்பாசிடர் என்ஜினை இறக்கி ஏற்றும் முன்



நம் சங்க உறுப்பினர்கள் சிலரது கிடங்கில் இன்றும் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. வசூலுக்கும் கொள்முதலுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஓடி உழைத்த வண்டி அது. உத்தரப்பாரா தொழிற்சாலை 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நம் கையில் உள்ளது.

எங்கள் மண்டி வண்டி 1978-ல் தகப்பனார் பதிவு செய்து, காத்திருந்து வாங்கியது. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். அதை இருமுறை இறக்கி ஏற்றியிருக்கிறோம். 1996-ல் அவசரப்பட்டுப் பாடம் கற்றோம். 2019-ல் அந்தப் பாடத்தின்படி நடந்தோம். வேலை செய்வது மெக்கானிக்தான் என்றாலும், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சிட்டை

சரக்கு இறங்கும்போது சிட்டை இல்லாமல் எண்ணுவோமா? இங்கும் அப்படித்தான். என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஒயருக்கும் குழாய்க்கும் துண்டுச் சீட்டு கட்ட வேண்டும். போல்ட், நட்டுகளை இடம் வாரியாகத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். காலி நெய் டப்பாக்கள் நம்மிடம் இல்லாமலா போகும்? மாற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேட்டு வாங்குவதிலும் கூச்சம் வேண்டாம்.

கழற்றும் வரிசை

பேட்டரியில் எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். என்ஜின் ஆறிய பிறகே தண்ணீரையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். பானெட் கீலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது கோணாது. பின்பு ரேடியேட்டர், ஏர் கிளீனர், ஆக்சிலேட்டர், சோக் இணைப்புகள், பெட்ரோல் குழாய், டைனமோ, செல்ப் மோட்டார் ஒயர்கள், சைலன்சர் குழாய். பெட்ரோல் குழாயின் வாயை உடனே அடைத்துவிட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டு என்ஜினை மட்டும் எடுப்பதானால், கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும். என்ஜினை நேராக முன்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாப்ட் முழுவதும் விடுபட்ட பிறகே மேலே தூக்க வேண்டும். என்ஜின் பாரம் அந்த ஷாப்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட் கெட்டுவிடும்.

எங்களுக்கு நேர்ந்தது

இந்த என்ஜின் 150 கிலோவுக்குக் குறையாது. அதாவது இரண்டு 75 கிலோ அரிசி மூட்டை. மூட்டை தூக்கிப் பழகிய இடம்தானே என்று 1996-ல் கிடங்கு உத்திரத்தில் சணல் கயிற்றைப் போட்டுத் தூக்கினோம். பாதி உயரத்தில் முடிச்சு நழுவியது. எங்கள் கடைப் பையன் காலை இழுத்துக்கொண்டது ஒரு நொடியில். இரும்பு தரையில் விழுந்த இடத்தில் சிமெண்ட் பெயர்ந்தது. “ஒண்ணும் ஆகலை முதலாளி” என்று அவன்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னான். அன்று மிச்சம் பிடித்தது செயின் பிளாக்கின் ஒருநாள் வாடகை; போக இருந்தது ஒரு குடும்பத்துப் பிள்ளையின் கால்.

ஆகவே முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள். ஓட்டுக்கூரை, தகரக்கூரை உத்திரத்தை நம்ப வேண்டாம். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

என்ஜின் வெளியே இருக்கும்போது

கிளட்ச் பிளேட், கிளட்ச் பேரிங், என்ஜின் தாங்கும் ரப்பர்கள், தண்ணீர் ஒழுகும் அடைப்பு மூடிகள், பிளைவீல் பல் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். ரப்பருக்குச் சிக்கனம் பார்த்தால் மறுபடி முழுக் கூலி. பிளாக்கையே மாற்ற நேர்ந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். இல்லையேல் 15 வருடத்துக்குப் பிந்தைய பதிவுப் புதுப்பிப்பின்போது சிக்கல்தான்.

ஏற்றும்போது

கிளட்ச் பிளேட் நடு மையத்தில் இருக்கிறதா என்று பழைய ஷாப்டை நுழைத்துப் பார்த்த பிறகே கிளட்ச் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். என்ஜின் கியர்பாக்ஸோடு சேராவிட்டால், போல்ட்டைத் திருகி இழுக்கக் கூடாது. கியரில் போட்டு, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினால் பல் தானாக விழும். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிய பிறகே ஸ்பேனர்.

என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையை மறக்க வேண்டாம். 1996-ல் அதையும் மறந்தோம். செல்ப் அடித்ததும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து புகை வந்தது!

பிளக் ஒயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்ட வேண்டும். ஆயில், தண்ணீர் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிய நிலையில் ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ப் அடித்து, பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். போரிங் செய்த என்ஜினானால் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுவது நல்லது.

பதறாத காரியம் சிதறாது. 2019-ல் வேலை முடிய ஐந்து நாள் ஆனது. ஒரு நட்டும் மிஞ்சவில்லை, ஒருவருக்கும் கீறல் இல்லை. அந்தக் கடைப் பையன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அன்று அவரே வந்து செயின் பிளாக்கைப் பிடித்தார்.