பரணில் கிடந்த எதிர்காலம்

போலகத்தில் எங்க வீட்டுப் பரணில் கிடந்த இசைத்தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடப் போனவன் நான். "இருக்கட்டும்டா" என்று தாத்தா தடுத்துவிட்டார். அதன் அருமை பிறகுதான் விளங்கியது.

1982-ல் பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜுபிடர்-8 ஆகிய மின்னணுக் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை! 1987-ல் சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசையைப் பரப்பினார்கள். 2010-ல் நெதர்லாந்து ரசிகர் ஒருவர் சரண்ஜித்தின் தட்டை மறுவெளியீடு செய்தார். "அட, இவர் ஐந்து வருஷம் முந்திவிட்டாரே!" என்று உலகமே வியந்தது. 2015-ல் மறையும் முன் ஐரோப்பிய மேடைகளிலும் அவர் வாசித்துவிட்டார்.

மறுவெளியீடு என்றால் வெறும் காப்பியா? இல்லை. முதலில் உரிமை பெற வேண்டும். மூல ஒலிநாடா இல்லாவிட்டால், தேயாத தட்டு ஒன்றிலிருந்து ஒலியை எடுத்து, கரகரப்பை நீக்க வேண்டும். பிறகு அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் வெட்டி, நிக்கல் அச்சு எடுத்து, வினைலில் அழுத்த வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப் மோல்டிங் மாதிரிதான்!

நல்ல தட்டு ஒன்று மிஞ்சினால்தான் இத்தனையும் நடக்கும். அதுவே எடைக்குப் போய்விட்டால்? லீவுக்குப் போகும்போது உங்க வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்க, நண்பர்களே!