தபாலில் வந்த சினிமா!

தபால்காரர் கடிதம் கொண்டு வருவார். பார்சல் கொண்டு வருவார். சினிமா கொண்டு வருவாரா?

கொண்டு வந்தார்! அமெரிக்காவில் 25 ஆண்டுகள் இது நடந்தது.

1997-ம் ஆண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ப் என்ற இருவர் புது வியாபாரம் ஒன்று தொடங்க யோசித்துக்கொண்டிருந்தார்கள். டி.வி.டி. என்ற படத் தட்டு அப்போதுதான் அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. அதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர்தான். ஆனால் முழு சினிமாவும் அதில் அடங்கிவிடும்.

இதைத் தபாலில் அனுப்பினால் உடையாமல் போய்ச் சேருமா? அவர்களுக்குச் சந்தேகம். அதே அளவுள்ள பழைய பாட்டு சி.டி. ஒன்றை வாங்கினார்கள். உறையில் போட்டு, ஹேஸ்டிங்ஸ் வீட்டு விலாசத்துக்கே அனுப்பினார்கள். மறுநாள் அது உடையாமல் வந்து சேர்ந்தது!

அப்படிப் பிறந்ததுதான் நெட்பிளிக்ஸ் கம்பெனி. 1998-ல் அதன் முதல் படத் தட்டு தபாலில் போனது. பிற்காலத்தில் அதன் சிவப்பு உறையைத் தெரியாத வீடு அங்கே குறைவு.

ராஜா வீழ்ந்தார்

அப்போது பட வாடகைத் தொழிலில் ராஜாவாக இருந்தது பிளாக்பஸ்டர் கம்பெனி. 2004-ல் அதற்கு 9,000-க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. படத்தைத் தாமதமாகத் திருப்பினால் அங்கே அபராதம் உண்டு. நெட்பிளிக்ஸில் மாதச் சந்தா கட்டினால் போதும், அபராதம் கிடையாது.

2000-ம் ஆண்டில் நெட்பிளிக்ஸ்காரர்கள், தங்கள் கம்பெனியை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளும்படி பிளாக்பஸ்டரிடம் கேட்டார்கள். பிளாக்பஸ்டர் மறுத்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் அந்தப் பெரிய கம்பெனி திவால் ஆயிற்று!

வளர்த்தவரே எமன்

தட்டால் வளர்ந்த நெட்பிளிக்ஸே பிறகு தட்டுக்கு எமனாக வந்தது. 2007-ல் அது இன்டர்நெட் வழியாகப் படம் காட்டத் தொடங்கியது. தபால்காரருக்காகக் காத்திருக்கும் வேலை போயிற்று.

2023 செப்டம்பர் 29. அன்றுதான் கடைசித் தட்டுகள் தபாலில் போயின. அதுவரை அனுப்பியவை 520 கோடிக்கு மேல்! கடைசியாக வந்த தட்டுகளைத் திருப்பவேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

விளையாட்டுத் தட்டுகளுக்கும் இதே கதிதான். 2020-ல் சோனி கம்பெனியின் 'பிளேஸ்டேஷன் 5' விளையாட்டுக் கருவி இரண்டு வகையாக வந்தது. ஒரு வகையில் தட்டு போடும் இடமே கிடையாது!

யாருடைய சொத்து?

"தட்டு போனால் என்ன? படம்தான் வருகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டு உங்கள் சொத்து. தம்பிக்குக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்கு இரவல் தரலாம். வேண்டாம் என்றால் விற்கலாம்.

இன்டர்நெட்டில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி வாங்கிய படம் அப்படியல்ல. பெரும்பாலும் அது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும்.

2023 கடைசியில் இதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. பிளேஸ்டேஷனில் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி டெலிவிஷன் நிகழ்ச்சிகளை இனிப் பார்க்க முடியாது என்று சோனி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே டிசம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

சட்டமும் விழித்துக்கொண்டது. தபால் சினிமா பிறந்த அதே கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. வெறும் அனுமதியை விற்கிறவர், 'வாங்கு' என்று சொன்னால் மட்டும் போதாது. அது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

சிவப்பு உறையில் கடைசியாக வந்த தட்டு யார் வீட்டில் இருக்கிறதோ, அவரிடமிருந்து அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பொத்தானை அழுத்தி வாங்கியவருக்கு அந்த உறுதி இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய தட்டுகள் கிடந்தால், தூக்கி எறியுமுன் ஒருமுறை யோசியுங்கள்!