ஓடுகிற பிள்ளைக்கு நிற்கவும் முடிகிறதா?

குருக்கள்மடத்தில் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அதன் நெடுகிலும் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதி. வளவுகளில் கிணறுகள். இப்படியான ஊரில் கேற் திறந்ததும் வீதிக்குப் பாய்கிற இரண்டரை வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்குப் பகல் முழுவதும் நெஞ்சில் பயம்தான். "ஒரு இடத்தில இருக்கிறானில்லகா, கண்ண மூடித் திறக்கக்குள்ள ஓடிருவான்" என்று கிளினிக்கில் எடை பார்க்கும் நாளில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். "பொடியன் எண்டா அப்பிடித்தான், வளந்தாச் சரியாப் போகும்" என்று பதில் வரும். கண்ணூறு என்பார் அம்மம்மா. அண்மைக் காலமாக மூன்றாவது பதிலும் ஒன்று சேர்ந்திருக்கிறது. போனில் ஏதோ காணொளி பார்த்த உறவுக்காரர் யாராவது, "இது ஏ.டி.எச்.டி.தான்" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார்.

வளர்ந்தால் சரியாகும் என்பதும், இது அந்த நோய்தான் என்பதும் இரண்டுமே அவசர முடிவுகள். முதலாவது, உதவி தேவைப்படும் பிள்ளையை மூன்று நான்கு ஆண்டுகளை இழக்கவைக்கிறது. இரண்டாவது, சுகமாக இருக்கும் பிள்ளையின் மேல் ஒரு பெயரை ஒட்டிவிடுகிறது.

ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த வளர்ச்சிக் கோளாறு. இது புதிதாக முளைத்த நோயல்ல. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தங்களைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தியிருக்கிறார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பிள்ளைக்குப் பிள்ளை இதில் காணப்படும் வேறுபாட்டில் 74 வீதம் அளவுக்குப் பரம்பரைதான் காரணமாகிறது. குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. "தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டாள்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்லம் கொடுத்து ஏ.டி.எச்.டி. வருவதில்லை.

அப்படியானால் இரண்டு வயதிலேயே கண்டுபிடித்துவிடலாமே? முடியாது. அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டியே நான்கு வயதிலிருந்துதான் நோய் நிர்ணயம் பற்றிப் பேசுகிறது. இரண்டு, மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள், இடையில் பாய்வார்கள், எடுத்ததை எறிவார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சூசன் கம்பெல் என்ற உளவியலாளர், மூன்று வயதில் கட்டுக்கடங்காமல் இருந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூட வயதிலும் சிக்கல் தொடர்ந்தது. மற்றப் பாதிப்பேர் தாமாகவே சரியானார்கள். எடை பார்க்கும் இடத்தில் ஆறுதல் சொல்பவளும் போனைப் பார்த்துப் பயமுறுத்துபவரும் ஆளுக்குப் பாதி சரி. உங்கள் பிள்ளை எந்தப் பாதியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேட மூளையின் வளர்ச்சியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2007இல் அமெரிக்கத் தேசிய உளநல நிறுவகத்தில் பிலிப் ஷோவும் அவரது குழுவினரும், ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை மற்றப் பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறையான புறணி ஒரு குறிப்பிட்ட வயதுவரை தடித்து, பிறகு மெலியத் தொடங்கும். அந்த உச்சத்தை மற்றப் பிள்ளைகள் ஏறத்தாழ ஏழரை வயதில் தொட்டார்கள். ஏ.டி.எச்.டி. பிள்ளைகள் தொட்டது பத்தரை வயதில். வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், காலம்தான் பிந்துகிறது. மிகவும் பிந்தியது நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி. பொறுத்திருப்பது, எண்ணிச் செய்வது, செய்யத் தொடங்கியதை நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. ஆனால் கைகால்களை அசைக்கக் கட்டளையிடும் பகுதி மட்டும் இந்தப் பிள்ளைகளில் சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. ஓடச் சொல்லும் பகுதி நேரத்தோடு வந்துவிட்டது, நிற்கச் சொல்லும் பகுதி இன்னும் வரவில்லை.

ஆகவே பிள்ளை எவ்வளவு ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஆய்வாளர்கள் இதைப் பார்க்க எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முன்னால் ஒரு பிஸ்கற் துண்டை வைத்து, அதை ஒளி ஊடுருவும் கோப்பையால் மூடுவார்கள். மணி அடித்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்று சொல்வார்கள். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும், கோப்பையைத் தொட்டுவிட்டுக் கையை இழுக்கும், தாயின் முகத்தைப் பார்க்கும், கதிரையில் நெளியும். இந்த நெளிவெல்லாம் நல்ல அடையாளம். உள்ளே ஏதோ ஒன்று 'நில்' என்கிறது, பிள்ளை அதோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டரை வயதில் பெரும்பாலும் பிஸ்கற்தான் வெல்லும். நான்கு வயதை நெருங்க நெருங்கப் பிள்ளை வெல்லத் தொடங்கும். மாதங்கள் போகப்போக அந்த மல்லுக்கட்டே தென்படாமல், சொல்லி முடிப்பதற்குள் கோப்பை கவிழ்ந்துகொண்டே இருந்தால் யோசிக்கவேண்டும். இதை வீட்டில் பரீட்சையாக வைத்துவிடாதீர்கள். பசித்த பிள்ளையும் எடுக்கும். சொன்ன வாக்கைப் பெரியவர்கள் காப்பாற்றாத வீட்டுப் பிள்ளையும் எடுக்கும்.

அன்றாட வாழ்க்கையில் கவனிக்க இன்னும் சில உண்டு. தனக்குப் பிடித்த விளையாட்டில்கூடச் சில நிமிடம் தங்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது. கதை சொல்லும்போது மடியில் இருக்கவே முடியாமல் போவது. சுட்ட அடுப்பையும் விழுந்த மதிலையும் மறந்து அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, அதனால் காயம் மாறாத உடம்பு. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சேர்க்காமல் ஒதுக்குவது. ஓய்வு நேரத்திலும் இரவிலும் அடங்காத உடல். இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதால் எதுவும் இல்லை. பல சேர்ந்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டிலும் முன்பள்ளியிலும் அம்மம்மா வீட்டிலும் ஒரே மாதிரி இருந்து, அதே வயதுப் பிள்ளைகளிடமிருந்து தெளிவாக வேறுபட்டால்தான் பொருள் உண்டு. வீட்டில் மட்டும் குழப்படி, முன்பள்ளியில் அமைதி என்றால் காரணத்தை வீட்டில் தேடுங்கள். பெண் பிள்ளைகளில் துடியாட்டம் குறைவாகவும் கனவில் இருப்பதுபோன்ற கவனச்சிதறல் கூடுதலாகவும் இருப்பதால் அவர்கள் பலவேளை தப்பிவிடுகிறார்கள். அமைதியாக இருப்பதால் நல்ல பிள்ளை என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் பார்க்கவேண்டிய வேறு காரணங்கள் உண்டு. எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இவற்றில் பலவற்றுக்கு உடனே மருந்துண்டு. சளி கட்டிக் காதுக்குள் நீர் தேங்கிய பிள்ளைக்கு நீங்கள் கூப்பிடுவது கேட்காது. சொல்வழி கேட்காத பிள்ளை என்று பெயர் வாங்கும். தொண்டைச் சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை சரியாகத் தூங்காமல் பகலில் சிடுசிடுத்து ஓடும். களைத்தால் பெரியவர்கள் படுப்போம், சின்னப் பிள்ளைகள் துள்ளுவார்கள். இரும்புச்சத்துக் குறைவும் அமைதியைக் கெடுக்கும். பேச்சுப் பிந்திய பிள்ளை, சொல்ல முடியாததைக் கையாலும் காலாலும் காட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமல் இருந்தால் ஓட்டிசம் பற்றிச் சிந்திக்க வேண்டும். சில கணங்கள் வெறித்துப் பார்த்து நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம்.

பயமும் பிள்ளையை அலையவைக்கும். இதை மட்டக்களப்பு மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் கண்ட பிள்ளைகளுக்கு அங்கே கொடுத்தது விளையாட்டு, களிமண், வர்ணம், கதை, மரநிழல். 2004 டிசம்பர் 26 சுனாமி இதே கரையோரத்தை அடித்தது. பயந்த பிள்ளை எப்போதும் விழிப்பாக இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளும், ஒன்றில் மனம் பதிக்காது. வெளியில் பார்ப்பவருக்கு அது ஏ.டி.எச்.டி. மாதிரியே தெரியும். இன்றைய பிள்ளைகள் அவற்றைக் காணாதவர்கள். ஆனால் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் உள்ள வீடும், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடும் இருக்கின்றன. தாயைத் தேடி அலையும் பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்டுவது அநியாயம்.

வயதையும் பார்க்கவேண்டும். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் தரம் 1இல் சேர்க்கலாம் என்பது நாட்டின் நடைமுறை. அதனால் ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஆய்வொன்றில், வகுப்பில் மிக இளையவர்களான டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 வீதம் கூடுதலாக இந்த நோய்ப்பெயர் வழங்கப்பட்டிருந்தது. பெண் பிள்ளைகளில் அது 70 வீதம். வகுப்பில் இளைய பிள்ளை இளைய பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும்.

சீனி கூடினால் துடியாட்டம் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு. 1995இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. பல்லுக்காகக் குறையுங்கள், இதற்காக அல்ல. போன் வேறு. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் தேவை என்றும் சொன்னது. போன் ஏ.டி.எச்.டி.யை உண்டாக்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சோறு தீத்தும்போது போன், அழுதால் போன், படுக்கும்போது போன் என்றால், பொறுத்திருக்கப் பழகும் சந்தர்ப்பங்கள் எல்லாம் பிள்ளையின் கையிலிருந்து போய்விடுகின்றன.

சந்தேகம் இருந்தால் எங்கே போவது? தூரப் போகவேண்டாம். 18 மாதத் தடுப்பூசிக்கும் மூன்று வயதுத் தடுப்பூசிக்கும் எப்படியும் கிளினிக்குக்குப் போவீர்கள். தராசில் தொங்கும் துணிக் காற்சட்டைக்குள் பிள்ளை காலை உதறும்போது எல்லோருடைய கண்ணும் முள்ளிலும் கிராமிலும்தான் இருக்கும். அதே சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் பேச்சு, நடை, விளையாட்டு என்று வளர்ச்சிப் படிகளுக்கும் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரி, பிறகு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. போகுமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்த நேரம், அதற்கு முன்னால் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினான். "சரியான குழப்படி டொக்டர்" என்ற ஒரு வரியைவிட அந்தக் கொப்பி மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவும்.

இந்த வயதில் முதல் சிகிச்சை மருந்தல்ல, பெற்றோருக்கான பயிற்சி. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்தரை வயதுப் பிள்ளைகளுக்கு மீதைல்பெனிடேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பயன் இருந்தது, ஆனால் பெரிய பிள்ளைகளில் கிடைப்பதைவிடக் குறைவு, பக்கவிளைவுகளோ கூட. பயிற்சி என்றால் என்ன? குசினியிலிருந்து கத்தாமல் பிள்ளையின் அருகே போய்க் குந்தி, பெயர் சொல்லிக் கண்ணைப் பிடித்து, ஒரே ஒரு வேலையைச் சொல்வது. சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பது. செய்தவுடன், அந்தக் கணத்திலேயே, பாராட்டுவது. நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை சொல்கிற விளையாட்டைப் பிள்ளையோடு விளையாடுவது. சாப்பாடு, குளிப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் மாறாத நேரம் வைப்பது. அடிப்பதை நிறுத்துவது. இதையெல்லாம் செய்ய நோய்ப் பெயர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்தப் பிள்ளைக்கும் கெடுதலில்லை. கூடவே கிணற்றுக்குக் கட்டும் மூடியும், கேற்றுக்குக் கைக்கெட்டாத கொளுக்கியும் இன்றே போடுங்கள். நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அவைதான் இப்போதைக்கு நிறுத்தம்.

இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்டனில் எட்மண்ட் சொனுகா-பார்க்கின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு நம் சுகாதாரத் திணைக்களம் படிக்கவேண்டியது. மூன்று வயதுப் பிள்ளைகள் 78 பேர். சிறப்புப் பயிற்சி பெற்ற சுகாதாரத் தாதியர் எட்டு வாரம் வீடுகளுக்கே போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி கிடைத்த பிள்ளைகளில் 53 வீதமானோரிடம் தெளிவான முன்னேற்றம். ஆனால் அதே பயிற்சியை வழமையான வேலைகளோடு சேர்த்துப் பொதுத் தாதியர் தலையில் வைத்தபோது பலன் கிடைக்கவில்லை என்று 2004இல் அதே குழு எழுதியது. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்த வேலையை அவர்களுடைய பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்த்தால் போதாது. அதற்குரிய பயிற்சியையும் நேரத்தையும், முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் சேர்த்து, மாகாணச் சுகாதாரத் திணைக்களம் ஒதுக்கித் தரவேண்டும்.